பாலத்து உத்திரங்கள் பாரத்தைப் பங்கிடும் முறை

கிராமச் சாலைகளில் இன்று செல்லும் வண்டிகள் முன்னாளில் சென்ற வண்டிகள் அல்ல. நெல் மூட்டையும் எருவும் ஏற்றிய கட்டை வண்டியே ஒரு காலத்தில் நமது வாய்க்கால் பாலங்களின் மேல் சென்ற பெரும் பாரமாக இருந்தது. இன்றோ கரும்பு லாரி, ஜல்லி ஏற்றிய டிப்பர், அறுவடை இயந்திரத்தைச் சுமந்து வரும் லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஆகிய அனைத்தும் அதே பாலங்களின் மேல் செல்கின்றன. பள்ளிக் குழந்தைகளை ஏற்றிய பேருந்தும் அவற்றின் பின்னே அதே பாலத்தைத்தான் கடக்கிறது.

இந்நிலையில் ஊராட்சி ஒன்றியக் கூட்டங்களில் இரண்டு வினாக்கள் அடிக்கடி எழுகின்றன. “பாலத்தின் அடியில் மூன்று உத்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய பாரத்தைத் தாங்குமெனில், மூன்றும் சேர்ந்து அதன் மும்மடங்கைத் தாங்குமன்றோ? பின்னர் லாரியைத் தடுப்பானேன்?” என்பது முதல் வினா. “ஒரு நேரத்தில் ஒரு வண்டியே செல்லலாம் என்று பலகை வைத்தோம்; அதன்படியே நடந்தோம். அப்படியிருந்தும் ஓரத்து உத்திரத்தில் மட்டும் விரிசல் காண்பதேன்?” என்பது இரண்டாவது வினா. இவ்விரண்டிற்கும் விடை ஒன்றே. பாலத்தின் மேல் வரும் பாரம் உத்திரங்களுக்குள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை.

பாலத்தை மூடினால் அறுவடையும் பள்ளியும் மருத்துவமனையும் தொலைவாகி விடுகின்றன. மூடாது விட்டாலோ உயிர்களுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி நிற்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று முடிவு செய்ய வேண்டியவர்கள் பாரம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். பொறியாளரின் வேலையை நாமே செய்வதற்காக அன்று. அவரிடம் சரியான வினாவைக் கேட்பதற்காகவும், அவர் கூறும் விடையின் பொருளை உணர்வதற்காகவுமே இப்பாடம் எழுதப்படுகிறது.

பாலத்தின் உறுப்புகள்

ஓர் எடுத்துக்காட்டுப் பாலத்தை மனத்தில் கொள்வோம். ஒரு கண் உடைய பாலம். கண்ணின் நீளம் 15 மீட்டர். இரு கரைகளிலும் உள்ள தாங்குசுவர்களின் மீது மூன்று கான்கிரீட் உத்திரங்கள் நீளவாக்கில் கிடக்கின்றன. ஓர் உத்திரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 2.40 மீட்டர் இடைவெளி. நடு உத்திரம் பாலத்தின் நடுக்கோட்டின் கீழ் அமைந்துள்ளது. உத்திரங்களின் மேல் கான்கிரீட் தளம் வார்க்கப்பட்டுள்ளது. இரு ஓரக் கட்டைகளுக்கும் இடையே வண்டி செல்லும் அகலம் 5.50 மீட்டர். இவற்றேயன்றி, நீள உத்திரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்கு உத்திரங்களும் சில பாலங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. இந்த வேறுபாடு மிக முக்கியமானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சக்கரம் முதலில் அழுத்துவது தளத்தையே. தளம் அப்பாரத்தை உத்திரங்களுக்கும், உத்திரங்கள் தாங்குசுவர்களுக்கும் அளிக்கின்றன. தளம் எந்த உத்திரத்திற்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதே நமது கேள்வி.

கழியும் மூட்டையும்

இருவர் ஒரு மூங்கில் கழியைத் தோளில் வைத்து அதில் ஒரு மூட்டையைத் தொங்கவிட்டுத் தூக்குகின்றனர். மூட்டை கழியின் நடுவில் தொங்கினால் இருவர்க்கும் சமபாரம். அதை ஒருவர் பக்கம் நகர்த்தினால் அவர் தோள் அழுந்தும்; மற்றவர் தோள் இலேசாகும். மூட்டை முழுவதும் ஒருவர் தோளருகே வந்துவிட்டால், மற்றவர் கழியைப் பிடித்துக்கொண்டு நடப்பவரேயன்றிச் சுமப்பவர் அல்லர். இதனை நெம்புகோல் விதி என்பர். இரு உத்திரங்களுக்கு இடையேயுள்ள தளம் அந்தக் கழி. சக்கரம் அந்த மூட்டை.

நமது எடுத்துக்காட்டுப் பாலத்தின் மேல் ஒரு லாரி, எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு ஓரமாகச் செல்வதாகக் கொள்வோம். அதன் இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே நடுவிலிருந்து நடுவரை 1.80 மீட்டர். சக்கரம் தரையில் பதியும் அகலம் 50 சென்டிமீட்டர். அதன் விளிம்பிற்கும் ஓரக் கட்டைக்கும் இடையே 15 சென்டிமீட்டர். எனவே, வெளிச் சக்கரத்தின் நடு ஓரக் கட்டையிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதாவது, பாலத்தின் நடுக்கோட்டிலிருந்து 2.35 மீட்டர். உட்சக்கரம் நடுக்கோட்டிலிருந்து 0.55 மீட்டர்.

இப்போது ஓர உத்திரத்தின் பங்கைக் கணக்கிடுவோம். வெளிச் சக்கரத்தின் பாரத்தில் 2.35-ஐ 2.40 ஆல் வகுத்த பங்கு, அதாவது 0.98, ஓர உத்திரத்தைச் சேர்கிறது. உட்சக்கரத்தின் பாரத்தில் 0.55-ஐ 2.40 ஆல் வகுத்த பங்கு, அதாவது 0.23, சேர்கிறது. கூட்டினால் 1.21 சக்கரம். ஓர் அச்சுக்கு இரு பக்கமும் சேர்த்து இரண்டு சக்கரப் பாரம் என்பதால், அச்சின் பாரத்தில் நூற்றுக்கு 60 பங்கை ஓர உத்திரம் ஒன்றே சுமக்கிறது. எஞ்சிய 40 பங்கு நடு உத்திரத்தைச் சேர்கிறது. எதிர்ப்பக்கத்து ஓர உத்திரத்திற்கு ஒன்றுமில்லை. உத்திரங்கள் மூன்று இருந்தும், வேலை செய்பவை இரண்டே. அவற்றுள்ளும் ஒன்றே பெரும்பாரம் சுமக்கிறது.

மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டோர் நூற்றுக்கு 33 எனக் கருதியிருப்பர். உண்மையில் விழுவதோ அதைப் போல ஏறத்தாழ இருமடங்கு.

பனைமரப் பாலம் தரும் பாடம்

நெம்புகோல் விதி ஒன்றை மறந்து விடுகிறது. ஓர் உத்திரம் தொய்யும்போது அடுத்த உத்திரத்தையும் தன்னோடு இழுக்கும் என்பதே அது. இதை விளங்கிக்கொள்ள வாய்க்காலின் மேல் பனைமரங்களைப் போட்டு அமைக்கும் நடைபாலத்தை நினைவு கொள்ளலாம். மூன்று மரங்களை வெறுமனே பக்கம் பக்கமாக இட்டால், நாம் மிதிக்கும் மரம் மட்டுமே தொய்கிறது. மற்ற இரண்டும் அசைவதில்லை. அவற்றின் குறுக்கே உறுதியான கட்டைகளை வைத்து இறுகக் கட்டிவிட்டால், ஒன்றை மிதித்தாலும் மூன்றும் சேர்ந்து தொய்கின்றன. ஒவ்வொன்றின் தொய்வும் குறைகிறது. மரங்கள் அவையே, அவற்றின் வலிமையும் கூடவில்லை. கூடியது அவற்றின் ஒற்றுமை.

கான்கிரீட் பாலத்தில் அந்தக் குறுக்குக் கட்டைகளின் வேலையைச் செய்வன குறுக்கு உத்திரங்கள். தளமும் ஓரளவு அவ்வேலையைச் செய்கிறது. குறுக்கு உத்திரங்கள் திண்மையாக இருந்தால், பாரம் வரும்போது பாலத்தின் குறுக்கு வெட்டு முழுவதும் ஒரே பலகைபோல் இறங்குகிறது. பாரம் நடுவில் இருந்தால் நேராக இறங்கும்; ஓரத்தில் இருந்தால் அப்பக்கம் சாய்ந்து இறங்கும். எந்த உத்திரம் எவ்வளவு இறங்குகிறதோ அந்த அளவே அது பாரம் சுமக்கிறது.

கோர்பான் வகுத்த கணக்கு

இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு எளிய கணக்கு முறையொன்றைத் தந்தவர் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் கோர்பான். நமது நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் இன்றும் இம்முறை கற்பிக்கப்படுகிறது. அதன்படி ஒவ்வோர் உத்திரத்தின் பங்கும் இரு பகுதிகள் கொண்டது. முதற் பகுதி சமபங்கு. மூன்று உத்திரம் எனில் மூன்றில் ஒன்று. இரண்டாம் பகுதி சாய்வினால் வரும் பங்கு. பாரம் உள்ள பக்கத்து உத்திரத்திற்குக் கூடும், எதிர்ப்பக்கத்திற்குக் குறையும்.

சாய்வுப் பங்கைக் காணும் வழி இது. வண்டியின் நடு, பாலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை அளக்க வேண்டும். அதை, நாம் கருதும் உத்திரம் நடுக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். பின்னர், எல்லா உத்திரங்களின் தூரங்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும்.

நமது பாலத்தில் லாரியின் வெளிச் சக்கரம் 2.35 மீட்டரிலும் உட்சக்கரம் 0.55 மீட்டரிலும் உள்ளன. ஆகவே லாரியின் நடு 1.45 மீட்டர் விலகியுள்ளது. ஓர உத்திரத்தின் தூரம் 2.40. வர்க்கத் தொகை 5.76 + 0 + 5.76 = 11.52. எனவே சாய்வுப் பங்கு 1.45 × 2.40 ÷ 11.52 = 0.302. முடிவு வருமாறு:

லாரியின் பக்கத்து ஓர உத்திரம்: 0.333 + 0.302 = 0.635
நடு உத்திரம்: 0.333
எதிர்ப்பக்கத்து ஓர உத்திரம்: 0.333 – 0.302 = 0.031

மூன்றையும் கூட்டினால் ஒன்று வருகிறது, கணக்குச் சரி. இதில் வியப்பிற்குரியது ஒன்றுண்டு. குறுக்கு உத்திரங்கள் எவ்வளவு திண்மையாக இருந்தாலும், வண்டி ஓரமாகச் சென்றால் ஓர உத்திரத்தின் பங்கு குறைவதில்லை. நெம்புகோல் விதி தந்த 60 பங்கு இங்கு 63½ பங்காகிறது. குறுக்கு உத்திரங்களால் பெரும்பயன் அடைவது நடு உத்திரமே. வண்டி பாலத்தின் நடுவில் செல்லும்போது நெம்புகோல் விதிப்படி நடு உத்திரத்தின் பங்கு நூற்றுக்கு 62½. கோர்பான் முறைப்படி 33 மட்டுமே.

இம்முறையை எல்லாப் பாலங்களுக்கும் பயன்படுத்தலாகாது. கண்ணின் நீளம் பாலத்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கிற்கு மேலும் நான்கு மடங்கிற்குள்ளும் இருத்தல் வேண்டும். நீள உத்திரங்களைக் குறைந்தது ஐந்து குறுக்கு உத்திரங்கள் ஒழுங்கான இடைவெளியில் இணைத்திருத்தல் வேண்டும். அக்குறுக்கு உத்திரங்களின் ஆழம் நீள உத்திரங்களின் ஆழத்தில் முக்கால் பங்கேனும் இருத்தல் வேண்டும். இவை இல்லாத பாலத்தில் கோர்பான் கணக்கு நடு உத்திரத்தின் பாரத்தைக் குறைத்துக் காட்டிவிடும், அது ஆபத்து. அங்கு நெம்புகோல் விதியே பாதுகாப்பானது. மேலும், தாங்குசுவரின் அருகே சக்கரம் நிற்கும்போது பாரம் பரவ இடமில்லை. ஆதலின் உத்திர முனைகளில் வரும் வெட்டு விசைக்கு எப்பாலத்திலும் நெம்புகோல் விதியைக் கையாள்வதே வழக்கம்.

இவ்விரு முறைகளுக்கும் இடைப்பட்ட உண்மையை நெருங்கப் பிற நாட்டு அறிஞர்களும் முயன்றுள்ளனர். பிரான்சில் கியோன் 1946-லும், பெல்ஜியத்தில் மசோனே 1950-லும், பாலத்தைத் திசைக்குத் திசை திண்மை வேறுபடும் ஒரே தகடாகக் கருதிக் கணக்கிடும் முறையை வகுத்தனர். அமெரிக்காவில் இரும்பு உத்திரத்தின் மேல் கான்கிரீட் தளம் அமைந்த பாலங்களுக்கு, உத்திர இடைவெளியை அடிக்கணக்கில் எடுத்து 5.5 ஆல் வகுத்தால் வருவதே ஓர் உத்திரம் சுமக்கும் சக்கரங்களின் எண்ணிக்கை என்ற எளிய வாய்பாடு நெடுங்காலம் வழங்கியது. 1994-ஆம் ஆண்டின் புதிய விதிகள் அதனை மாற்றின. இன்று கணினியின் துணையால் உத்திரங்களையும் குறுக்கு உத்திரங்களையும் ஒரு கட்டமாக அமைத்துக் கணக்கிடுகின்றனர். எனினும் கணினியின் விடை சரிதானா என்று பார்க்க மேற்கூறிய கைக்கணக்கே உற்ற துணை.

ஒரு லாரியும் இரண்டு லாரிகளும்

இப்போது இரண்டாம் வினாவிற்கு வருவோம். நமது பாலத்தில் இரண்டு லாரிகள் எதிரெதிராக வந்து, ஒவ்வொன்றும் தன் பக்கத்து ஓரக் கட்டையை ஒட்டிக் கடக்கின்றன. ஒன்றின் சாய்வை மற்றொன்று நேர் செய்துவிடுகிறது. ஆகவே கோர்பான் முறைப்படி இரண்டு லாரிகளின் பாரம் மூன்று உத்திரங்களுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. ஒவ்வொன்றிற்கும் ஒரு லாரிப் பாரத்தில் 0.667 பங்கு. ஒரே லாரி ஓரமாகச் சென்றபோது ஓர உத்திரம் சுமந்ததோ 0.635 பங்கு. வேறுபாடு மிகச் சிறிது!

எனவே, ‘ஒரு நேரத்தில் ஒரு வண்டி’ என்று பலகை வைத்து, அவ்வண்டியை ஓரமாகப் போகவிட்டால் ஓர உத்திரத்திற்கு நாம் செய்த நன்மை ஏறத்தாழ ஒன்றுமில்லை. நடு உத்திரத்தின் பாரம் பாதியாகக் குறைந்தது, அவ்வளவே. அதே வண்டியைப் பாலத்தின் நடுவில் செல்லச் செய்தால் ஓர உத்திரத்தின் பங்கு 0.333 ஆகிவிடும். ஓட்டுநர் நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் விலகினாலும் 0.333 + 0.104 = 0.437-க்கு மேற்போவதில்லை. ‘ஒரு வண்டி’ என்ற கட்டளையோடு ‘நடுவில்’ என்ற சொல்லும் சேர்ந்தால்தான் பயன் உண்டு.

இப்பங்கீடு குறுக்கு உத்திரங்கள் நன்கமைந்த பாலத்திற்கே பொருந்தும். அவை இல்லாத பாலத்தில் வண்டியை நடுவில் விட்டால் நடு உத்திரத்தின் மேல் 62½ பங்கு விழும். ஆகவே பாலத்தின் அடியில் இறங்கிப் பாராமல் மேலே கோடு போடலாகாது.

பங்கிலிருந்து பளுவிற்கு

பங்கு தெரிந்தபின் உத்திரத்தை வளைக்க முயலும் விசையைக் காணலாம். இதனை வளைதிருப்பம் என்றும் டன்-மீட்டர் என்ற அளவிலும் கூறுவர். முன் அச்சில் 7 டன், பின் அச்சில் 11.5 டன், மொத்தம் 18.5 டன் உள்ள இரண்டு அச்சு லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சுகளுக்கு இடையே 4.5 மீட்டர். பின் அச்சு கண்ணின் நடுவில் நிற்கும்போது, அதனால் நடுவில் உண்டாவது 11.5 × 15 ÷ 4 = 43.1. முன் அச்சு தாங்குசுவரிலிருந்து 3 மீட்டரில் நிற்பதால், அதனால் உண்டாவது 7 × 3 ÷ 2 = 10.5. ஆக 53.6 டன்-மீட்டர். இது பாலம் முழுமைக்கும் உரியது.

மூன்று உத்திரங்களும் சமமாகச் சுமந்தால் ஒன்றிற்கு 17.9. லாரி ஓரமாகச் சென்றால் ஓர உத்திரத்திற்கு 34.0. அரை மீட்டர் விலகலுக்குள் நடுவில் சென்றால் 23.4. வண்டி ஒன்றே, பாரம் ஒன்றே; சென்ற தடம் மட்டுமே வேறு.

ஓடும் வண்டி நிற்கும் வண்டியை விட அதிகம் அழுத்தும். இதற்கென இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிகள் கான்கிரீட் பாலங்களுக்கு ஒரு கூடுதலை வகுத்துள்ளன: 4.5-ஐ, கண் நீளத்தோடு 6 கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். 15 மீட்டர்க் கண்ணிற்கு 4.5 ÷ 21, அதாவது நூற்றுக்கு 21. இதைச் சேர்த்தால் ஓரத்தில் 34.0 என்பது 41 ஆகிறது. பாலத்தின் நுழைவில் பள்ளமோ மேடோ இருந்தால் வண்டி குதித்து ஏறும். அதிர்வு மேலும் மிகும். நுழைவுப் பள்ளத்தை நிரப்புதல் பாலத்தைக் காக்கும் பணியே ஆகும்.

எந்த வண்டிக்காகக் கட்டிய பாலம்?

1934-இல் அமைந்த இந்தியச் சாலைகள் காங்கிரஸ், பாலங்களை வரைவதற்கெனச் சில மாதிரி வண்டிகளை வகுத்தது. அவற்றுள் ‘ஏ’ வகுப்பு வண்டித்தொடர் எட்டு அச்சுகளும் 55.4 டன் எடையும் உடையது. அதன் மிகப் பளுவான இரண்டு அச்சுகள் ஒவ்வொன்றும் 11.4 டன், இரண்டிற்கும் இடையே 1.2 மீட்டர். ‘பி’ வகுப்பு என்பது ஏறத்தாழ இதில் நூற்றுக்கு 60 பங்கு. அதன் பளுவான அச்சுகள் 6.8 டன் வீதம் இரண்டு.

இதனை இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர்கள் கொண்ட தனி அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இணை அச்சின் வரம்பு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் ஆயின. ‘ஏ’ வகுப்பின் இணை அச்சுகள் இரண்டும் சேர்ந்து 22.8 டன். எனவே அவ்வகுப்பிற்குக் கட்டிய பாலத்தில், சட்டப்படி பாரம் ஏற்றிய டிப்பர் வரம்பை ஒட்டியே செல்கிறது. ‘பி’ வகுப்பிற்குக் கட்டிய பாலத்திலோ இணை அச்சிற்கு எண்ணிய பாரம் 13.6 டன் மட்டுமே. 21 டன் அதன் ஒன்றரை மடங்கிற்கும் மேல். சட்டத்தை மீறாத லாரியும் அப்பாலத்திற்கு மிகையான லாரியே.

ஓர உத்திரத்தின் இரட்டைத் துன்பம்

அதிகப் பாரம் சுமக்கும் உத்திரம் எதுவோ, அதுவே வெயிலுக்கும் மழைக்கும் அதிகம் இலக்காவது. ஓர உத்திரத்தின் வெளிப்பக்கம் சாரலில் நனைகிறது. தளத்தின் நீரை வெளியேற்றும் குழாய் குட்டையாக இருந்தால் நீர் உத்திரத்தின் மேலேயே வழிகிறது. நீர் உட்சென்று கம்பி துருப்பிடிக்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. நூற்றுக்கு 63 பங்கு சுமக்க வேண்டிய உத்திரத்தின் கம்பியே முதலில் தேய்கிறது. குழாயை உத்திரத்தின் அடிமட்டத்திற்குக் கீழே நீட்டி விடுவது சிறு செலவு. அதனால் காக்கப்படுவது பாலத்தின் மிக முக்கியமான உறுப்பு.

சாலையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பாலத்தின் மேலும் தார்க்கலவை இட்டுக்கொண்டே போவது மற்றொரு தீங்கு. நமது பாலத்தின் மேல் இவ்வாறு 10 சென்டிமீட்டர் கனம் சேர்ந்தால், அதன் கன அளவு 15 × 5.5 × 0.1, அதாவது 8¼ கன மீட்டர். எடை ஏறத்தாழ 18 டன். முன்னர்க் கூறிய லாரியின் முழு எடை அது! பரவிய பாரமாதலால் வளைதிருப்பம் 53.6 அன்று, 34 அளவே. ஆயினும் அது வந்து போகும் லாரி அன்று. இரவும் பகலும் பாலத்தின் மேலேயே நிற்கும் லாரி. புதுத் தார் இடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுக்க வேண்டுமென்று மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

தொய்வை அளந்து அறிதல்

கணக்கு கூறுவதைப் பாலமும் ஒப்புகிறதா என்று பார்க்க வழியுண்டு. எடையிட்ட லாரியைக் குறித்த இடத்தில் நிறுத்தி, மூன்று உத்திரங்களின் நடுவிலும் எவ்வளவு தொய்வு என்று அளமானிகளால் பொறியாளர்கள் அளப்பர். எடுத்துக்காட்டாக, ஓரமாக நின்ற லாரியின் கீழ் தொய்வு 3.8, 2.0, 0.2 மில்லிமீட்டர் என்று வந்தால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. குறுக்கு உத்திரங்கள் தம் கடமையைச் செய்கின்றன என்று பொருள். ஓர உத்திரம் மட்டும் மிகுதியாக இறங்கி, நடு உத்திரம் அந்தக் கோட்டோடு ஒட்டாமல் நின்றால் இணைப்பு தளர்ந்துள்ளது எனலாம். முறையான பாரச் சோதனையில், பாரத்தை நீக்கி 24 மணி நேரம் சென்றபின், கான்கிரீட் பாலம் தன் தொய்வில் நூற்றுக்கு 75 பங்கேனும் மீண்டிருக்க வேண்டும் என்பது விதி. இச்சோதனையைத் தகுதி பெற்ற பொறியாளர் மேற்பார்வையின்றி ஒருபோதும் செய்யலாகாது. கிராமத்தார் தாமே லாரியை ஏற்றிப் பார்ப்பது சோதனை அன்று; சூதாட்டம்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையிலுள்ள பாலங்களுக்கு ஓர் ஏடு வைத்தல் நலம். கண்ணின் நீளம், உத்திரங்களின் எண்ணிக்கை, இடைவெளி, வண்டிப்பாதை அகலம், குறுக்கு உத்திரங்களின் எண்ணிக்கை, தார்க் கனம் ஆகிய ஆறையும் நாடா பிடித்து அளந்து எழுதினால், மேலே காட்டிய கணக்கைப் பொறியாளர் சிறிது நேரத்தில் போட்டுவிடுவார்.

இரண்டாவதாக, மழைக்கு முன்னும் பின்னும் பாலத்தின் அடியில் இறங்கிப் பார்த்தல் வேண்டும். உத்திரத்தின் நடுவில் அடியிலிருந்து மேலேறும் விரிசல், முனைகளில் சாய்வாக ஓடும் விரிசல், துருக்கறை, வெளியே தெரியும் கம்பி ஆகியவற்றை நாளிட்டுக் குறிக்க வேண்டும். முனையில் காணும் சாய்ந்த விரிசலை அன்றே அறிவித்தல் வேண்டும். அது முன்னறிவிப்பு அதிகமின்றி முறியக்கூடிய இடம்.

மூன்றாவதாக, குறுக்கு உத்திரங்கள் நன்கமைந்த பாலம் என்று பொறியாளர் உறுதி கூறினால், வண்டிகளை நடுவில் செலுத்த ஏற்பாடு செய்யலாம். இரு புறமும் வழிகாட்டும் கட்டைகளை அமைத்து, பாதையை ஒரு வண்டி அளவிற்குக் குறுக்கி, இரு நுழைவிலும் காத்து நிற்க இடம் விட்டால் போதும். இரு புறமும் சுவர் எழுப்பிப் புதிய பாரத்தை ஏற்றிவிடக் கூடாது.

நான்காவதாக, எடை வரம்பு தேவை என்று பொறியாளர் கருதினால் முறைப்படி எழுதுதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்பிற்காகக் குறித்த சாலையில் வண்டிகளைக் கட்டுப்படுத்த மாநில அரசிற்கும் அது அதிகாரம் அளித்தோர்க்கும் உரிமை தருகிறது. மிகை பாரம் ஏற்றிய வண்டிக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கூறுகிறது. பலகையில் எண்ணை மட்டும் எழுதாமல், கரும்பு பருவத்திற்கு முன்பே ஆலையாரையும் லாரி உரிமையாளர்களையும் அழைத்து, மாற்று வழியையும் பேசி முடித்தல் சிறந்தது. வழி காட்டாத தடை நெடுநாள் நிற்பதில்லை.

ஐந்தாவதாக, புதிய பாலத்திற்கு மதிப்பீடு வரும்போது, “குறுக்கு உத்திரம் எத்தனை? எந்த வகுப்பு வண்டிக்கு? ஓர உத்திரத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டீர்கள்?” என்ற மூன்று வினாக்களைக் கேட்பதற்கு நாம் தயங்கலாகாது. கேட்கும் ஊருக்கு விடை கிடைக்கும்.

முடிவுரை

மூன்று உத்திரம் உள்ள பாலம் மும்மடங்கு வலிவுடையது என்பது கண்ணுக்குத் தோன்றும் உண்மை. கணக்கில் தோன்றுவது வேறு. பாரத்தின் அருகே நிற்பவனே அதிகம் சுமக்கிறான். மற்றவரோடு அவனைப் பிணைக்கும் இணைப்பும், பாரம் செல்லும் தடமும் எவ்வாறு உள்ளனவோ அவ்வாறே அவன் சுமை கூடியும் குறைந்தும் அமையும். ஆதலின் ஒரு பாலம் எத்தனை டன் தாங்கும் என்று கேட்குமுன், அதன் ஓர உத்திரம் எத்தனை டன் தாங்கும் என்று கேட்பதே முறை. நாடா ஒன்றும் ஏடு ஒன்றும் எடுத்துக்கொண்டு, இந்த மழைக்காலத்திற்கு முன்பே ஊர்ப் பாலத்தின் அடியில் இறங்கிப் பார்க்குமாறு ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோரையும் இளைஞர்களையும் அன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.